அளவு அனுப்பியும் அளவு சேராமல் வந்த சேணம்: ஆளை அனுப்புங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள்

வணக்கம்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். ஜனவரியில் உங்களிடம் 38,000 ரூபாய் கட்டி ஒரு சேணம் வாங்கினேன். பில்லில் ‘அளவெடுத்துச் செய்தது’ என்று நீங்களே போட்டிருக்கிறீர்கள். இதுவரை நாலு முறை போனில் பேசிவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள் எடுத்து, முதலிலிருந்து கதை கேட்டு, கடைசியில் ‘கீழே ஒரு பேட் சேர்த்துப் போடுங்கள் சார்’ என்றுதான் முடித்தார்கள். அதனால் இப்போது எழுத்திலேயே தருகிறேன்.

எங்கள் குதிரை செம்பி, ஆறு வயதுப் பெட்டை. மூன்று வருடத்துக்கு முன் ஆடி மாதம் அந்தியூர் சந்தையில் வாங்கியது. கலப்பினம், நல்ல அகலமான முதுகு. கடையில் தொங்குகிற சேணம் எதுவும் அவளுக்குச் சேராது என்று தெரிந்துதான் உங்களிடம் வந்தேன். நீங்கள் சொன்னபடியே வளையும் கம்பியைத் தோள்மேட்டுக்கு, அதாவது கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டுக்கு, பின்னால் வைத்து அழுத்தி, அந்த வளைவைச் சார்ட் பேப்பரில் வரைந்தேன். அப்புறம் அதற்குப் பின்னால் இரண்டு இடத்தில் அதே மாதிரி. முதுகின் நீளம், என் மகளின் உயரம், தொடை நீளம் எல்லாம் எழுதி கூரியரில் அனுப்பினேன். ஒரு பிரதியை நானும் வைத்துக்கொண்டேன், நல்லவேளை.

சேணம் வந்து இரண்டாவது வாரத்திலேயே, வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற வாரை இறுக்கும்போது செம்பி காதைப் பின்னால் மடக்கிக் கடிக்க வர ஆரம்பித்தாள். அதுவரை ஒரு நாளும் அப்படிச் செய்தவள் இல்லை. என் மகளோ சவாரியில் பின்னுக்குச் சரிந்துகொண்டே இருந்தாள். ‘முன்னால் உட்கார், முன்னால் உட்கார்’ என்று நானே அவளைத் திட்டியிருக்கிறேன். அவள் மேல் தப்பே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

தத்தமங்கலம் குதிரை ஓட்டத்துக்குப் பல வருடமாகக் குதிரை விட்ட பெரியவர் ஒருவர் பக்கத்துத் தோப்பில் இருக்கிறார். அவரைக் கூட்டிவந்தேன். அரை மணி நேரம் ஓட்டச் சொல்லி, சேணத்தைக் கழற்றிவிட்டு, ‘தம்பி, வியர்வையைப் பாரு’ என்றார். முதுகெல்லாம் நனைந்திருந்தது. தோள்மேட்டுக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒவ்வொரு இடம் மட்டும் காய்ந்துபோய், முடி எதிர்ப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. அழுத்தம் அதிகமாக விழுகிற இடத்தில் வியர்க்காது. அதே அழுத்தம் தொடர்ந்தால் அங்கே வெள்ளை முடி முளைக்கும், அது அப்புறம் போகாது. அவர் அந்த இடத்தில் பெருவிரலை வைத்து லேசாகத்தான் அழுத்தினார். செம்பி முதுகை அப்படியே கீழே இறக்கிக்கொண்டாள்.

அன்று ராத்திரி என்னிடமிருந்த வரைபடத்தை அட்டையில் ஒட்டி வெட்டி, சேணத்தின் முன்வாயில் வைத்துப் பார்த்தேன். உள்ளே போகவில்லை, இரண்டு விரல் அளவுக்கு வெளியே நிற்கிறது. ஓரத்தை மடக்கிப் பார்த்தால் அடியில் ‘மீடியம்’ என்று முத்திரை. ஆக, நான் அனுப்பிய அளவை யாரும் பார்க்கவே இல்லை, ரெடியாக இருந்ததை எடுத்து அனுப்பிவிட்டீர்கள். உள்ளே இருக்கிற கம்பளித் திணிப்பும் பழைய இலவம்பஞ்சுத் தலையணை மாதிரி கட்டி கட்டியாகக் கைக்குத் தட்டுப்படுகிறது.

போட்டோ அனுப்பச் சொன்னீர்கள், அனுப்பினேன். ‘தோள்மேட்டுக்கு மேல் நாலு விரல் இடைவெளி இருக்கிறதே, ரொம்ப நல்ல ஃபிட்டிங்’ என்று பதில் வந்தது. இந்தப் பதில்தான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. உள்ளே இருக்கிற மரச்சட்டம் குறுகலாக இருப்பதால் சேணம் கீழே இறங்க முடியாமல் இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டு நிற்கிறது, அதனால்தான் அவ்வளவு இடைவெளி! முன்பக்கம் தூக்கி நிற்பதால் பின்பக்கம் தாழ்ந்து, ஆள் பின்னால் சரிந்து, பாரமெல்லாம் இடுப்புப் பக்கம் போகிறது. நடுவில் என் கை முழுசாக நுழைகிறது, அங்கே சேணம் முதுகில் படவே இல்லை. இதற்குக் கீழே இன்னொரு பேட் போட்டால் இன்னும்தான் இறுகும். சின்ன வளையல் ஏறவில்லை என்றால் கையில் துணி சுற்றிக்கொண்டு போடச் சொல்வீர்களா?

சரியாகப் பார்ப்பதென்றால் ஆள் நேரில் வரவேண்டும். தோள் எலும்பு முன்னும் பின்னும் அசைய இடம் இருக்கிறதா, சேணம் கடைசி விலா எலும்பைத் தாண்டிப் போகிறதா என்று முதலில் வெறும் குதிரையில் பார்க்கவேண்டும். அப்புறம் சவாரி செய்பவரை ஏற்றி, நடக்கவிட்டு, ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். ஆள் ஏறினால் சேணம் இறங்கும், இரண்டும் ஒன்றில்லை. இதைக் கேட்டதற்கு, ‘எங்கள் ஃபிட்டர் பொள்ளாச்சி வரைதான் வருவார், கேரளாவுக்கு வரமாட்டார்’ என்கிறீர்கள். கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் எங்கள் ஊர். பணம் வாங்கும்போது கேரளா என்று தெரியவில்லையா? பார்சல் வந்து சேர்ந்ததே. பொள்ளாச்சிக்கே குதிரையை டெம்போவில் ஏற்றிவருகிறேன், நாள் சொல்லுங்கள் என்றேன். அதற்கும் பதில் இல்லை.

சேணத்தை அவிழ்த்து வைத்து இன்றோடு ஒரு மாதம் ஆகிறது. செம்பியின் முதுகில் இப்போது தொட்டால் வலி இல்லை, ஆனால் வார் எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனாலே இன்னும் விலகுகிறாள். வாய் இல்லாத ஜீவன், அதற்கு வேறு எப்படிச் சொல்லத் தெரியும்? என் மகள் தினமும் அவளைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டுபோய் வருகிறாள், ஏறுவதில்லை.

நான் கேட்பது இதுதான். கடிதம் கிடைத்து 15 நாளுக்குள், சேணம் பொருத்தத் தெரிந்த ஒருவர் நேரில் வந்து, என் மகளை ஏற்றிப் பார்த்து, செம்பியின் அளவுக்கு அகலமான சட்டத்தில் புதிதாகச் செய்து தரவேண்டும். முடியாதென்றால் 38,000 ரூபாயும் கூரியர் செலவும் திரும்ப வேண்டும். பேட், கூப்பன், அடுத்த ஆர்டரில் தள்ளுபடி எதுவும் வேண்டாம். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து பதிவு செய்துவிட்டு, பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.

வரைபடம், வெட்டிய அட்டை, வியர்வைத் தடத்தின் போட்டோ, முத்திரையின் போட்டோ எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. பிரதிகளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இந்த முறையாவது அந்த வரைபடத்தைப் பிரித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
செம்பியின் வீட்டுக்காரர்
கொழிஞ்சாம்பாறை