சீட்டை மடித்துக் கொடுப்பவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனநல மருத்துவர்களிடம் போக மக்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விழிப்புணர்வு போதவில்லை, மூடநம்பிக்கை அதிகம் என்று முடித்திருந்தீர்கள். பாபநாசம் பக்கத்தில் 31 வருடமாக மெடிக்கல் வைத்திருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு சில விஷயங்கள் சொல்ல வேண்டும்.

மனநல டாக்டரின் சீட்டை யாரும் மற்ற சீட்டைப் போல நீட்டுவதில்லை. நாலாக மடித்து வைத்துக்கொண்டு, கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, அப்புறம்தான் கொடுப்பார்கள். கும்பகோணத்து ஆட்கள் என் கடைக்கு வருவார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் தஞ்சாவூருக்குப் போய் வாங்குவார்கள். "நரம்பு மாத்திரைதானே?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் முகத்தில் ஒரு நிம்மதி. நரம்புத் தளர்ச்சி என்றால் அந்த வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கும், மனநோய் என்றால் நின்றுவிடும். இந்த வெட்கத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். வெட்கத்தையும் தாண்டி டாக்டரைப் பார்த்துவிட்டுச் சீட்டோடு வருகிறார்களே, அவர்கள் அதற்குப் பிறகு ஏன் நம்பிக்கை இழக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

"தம்பி, இந்த மாத்திரை எதுக்கு?" என்று என்னிடம் கேட்பார்கள்.

"டாக்டர் சொல்லலையாம்மா?"

"சாப்பிடச் சொன்னாங்க. அடுத்த மாசம் வரச் சொன்னாங்க."

நோயின் பெயர் தெரியாது. எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்று தெரியாது. சாப்பிட்டால் என்ன செய்யும் என்றும் தெரியாது. மூன்று பஸ் மாறிப் போய், பாதி நாள் காத்திருந்து, இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு வந்த குடும்பம் அது. இவர்களுக்கா விழிப்புணர்வு இல்லை?

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அது வேலை செய்யத் தொடங்கவே இரண்டு வாரம், சிலருக்கு நாலு வாரம், அதற்கு மேலும் ஆகும். ஆனால் குமட்டல், தலைவலி, ஒரு படபடப்பு இதெல்லாம் முதல் சில நாளிலேயே வந்துவிடும். கெடுதல் முன்னால் வருகிறது, நல்லது பின்னால் வருகிறது. இதைச் சொல்லாமல் அனுப்பினால் ஐந்தாம் நாள் அந்த மனிதர் என்ன நினைப்பார்? இருந்ததும் கெட்டுப் போச்சு என்றுதான் நினைப்பார். மீதி அட்டையைக் கொண்டுவந்து "திருப்பி எடுத்துக்குவீங்களா" என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். ஒரே ஒரு டாக்டர் மட்டும், எங்கள் பக்கத்து விவசாயி ஒருவரிடம், "நட்ட நாற்று முதல்ல வாடித்தானே நிக்கும்? வேர் பிடிச்ச பிறகுதானே பச்சை கட்டும்? இதுவும் அப்படித்தான்" என்று சொல்லி அனுப்பினாராம். அந்த விவசாயி ஒரு மாதம்கூட மாத்திரையை விடவில்லை. டாக்டருக்கு அதைச் சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்குமா?

மனநல மாத்திரை எல்லாமே தூக்க மாத்திரை, ஒருமுறை தொட்டால் விடாது என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. இது பாதி உண்மை. அல்பிரசோலம், டயஸெபம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள் நாள்பட்டால் பழகிவிடும். அதனால்தான் 2014 முதல் அவற்றை விற்றால் தனிப் பதிவேட்டில் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் எழுதி மூன்று வருடம் வைத்திருக்கிறோம். மனச்சோர்வு மாத்திரையும் மனச்சிதைவு மாத்திரையும் அந்த வகை இல்லை. போதை தராது. ஆனால் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஒரே சீட்டில் இரண்டு வகையும் இருக்கும்போது எது ரெண்டு வாரத்துக்கு, எது ஒரு வருடத்துக்கு என்று யாராவது பிரித்துச் சொல்ல வேண்டாமா?

இதில் என் தப்பும் இருக்கிறது. கடை வைத்த புதிதில், நல்லது என்று நினைத்து, "ரொம்ப நாள் சாப்பிடாதீங்க, பழகிடும்" என்று எல்லாரிடமும் சொல்வேன். பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் என் பேச்சைக் கேட்டு நிறுத்தினார். நன்றாக இருந்தவர் மூன்று மாதத்தில் பழையபடி சாப்பாடு, தூக்கம் இல்லாமல் படுத்துவிட்டார். அவர் மனைவி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்றைக்கும் அவர்களைத் தெருவில் பார்த்தால் எனக்குத் தலை நிமிராது.

அடுத்தது என் வீட்டுக் கதை. என் தங்கையிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். 1993இல் அவளுக்குத் தலைப்பிரசவம். குழந்தை பிறந்து பத்து நாளில் தூக்கம் போனது. சம்பந்தமில்லாமல் பேசினாள், குழந்தை தன்னுடையதே இல்லை என்றாள். காத்துக் கருப்பு என்று ஒருவர் மந்திரித்தார். திருவிடைமருதூர் கோயிலுக்குக் கூட்டிப்போய், பிடித்தது அங்கேயே நின்றுவிடும் என்று கிழக்கு வாசலில் நுழைந்து மேற்கு வாசலில் வெளியே வந்தோம். கடைசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே கரண்ட் வைத்தார்கள். எங்களிடம் சொல்லவில்லை, கையெழுத்தும் கேட்கவில்லை. மறுநாள் அவள் எதையோ மறந்து விழித்தபோது ஆயா ஒருவர் சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரியும்.

தங்கை குணமானாள். அதை மறைக்க மாட்டேன். ஒரு மாதத்தில் குழந்தையை எடுத்துக் கொஞ்சினாள். பிரசவத்துக்குப் பின் வரும் அந்த நோய்க்கு அது நன்றாகக் கேட்கிற சிகிச்சை என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அம்மா அந்த வாசலை மறுபடி மிதிக்கவில்லை. ஒருமுறை வந்தவர்களுக்கு அடுத்த பிரசவத்திலும் வர நிறைய வாய்ப்பு உண்டு என்பதையும் எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. இரண்டாவது குழந்தை பிறந்ததும் அதே மாதிரி வந்தது. "சொல்லாம கரண்ட் வெச்ச கூட்டம், இன்னொரு தடவை என் பொண்ணைக் கொடுக்க மாட்டேன்" என்று அம்மா ஒரே பிடியாக நின்றுவிட்டார். ஏழு மாதம் வீணாகப் போனது. என் அம்மாவை மூடநம்பிக்கைக்காரி என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மருத்துவம் பலித்தது, மருத்துவர் மீதிருந்த நம்பிக்கை போய்விட்டது. இரண்டும் வேறு வேறு.

இன்றைக்கு நிலைமை மாறியிருக்கிறது. 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மயக்க மருந்து இல்லாமல் கரண்ட் சிகிச்சை கொடுக்கக் கூடாது, சங்கிலி போடக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் கட்டிப்போட்டிருந்த நிலையிலேயே 28 பேர் தீயில் செத்ததை நம்மால் மறக்க முடியாது. நோய் என்ன, என்ன சிகிச்சை, என்ன பக்கவிளைவு என்று நோயாளிக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நான் கேட்பதெல்லாம் ஏற்கெனவே சட்டத்தில் இருப்பதுதான். சீட்டு இன்னும் புரியாத ஆங்கிலத்தில்தான் வருகிறது.

குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போய் ஒரு மண்டலம், 48 நாள் தங்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். கூடவே மருந்தும் சாப்பிடுகிறார்கள், தப்பில்லை. அங்கே அவசரம் கிடையாது, குடும்பம் பக்கத்திலேயே இருக்கலாம், அழுதால் யாரும் வெளியே போகச் சொல்ல மாட்டார்கள். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரிக்காரர்கள் உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளில் உட்கார்ந்து முதலில் கேட்டார்கள், பிறகுதான் பேசினார்கள். கதவு திறந்தது. அதே டெல்டா மக்கள்தான்.

போலிகளையும் சொல்லியாக வேண்டும். சில மாதப் படிப்பு படித்துவிட்டு "மனநல ஆலோசகர்" என்று போர்டு மாட்டுகிறவர்கள் எங்கள் பக்கமும் இருக்கிறார்கள். மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் படித்தவர், மருந்து எழுதலாம். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். உண்மையானவர் கோபப்பட மாட்டார்.

டாக்டர்கள் பக்கமும் எனக்குத் தெரியும். அரசு ஆஸ்பத்திரியில் ஒருவரே எத்தனை பேரைப் பார்ப்பார்? அதனால் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. சீட்டின் பின்பக்கம் தமிழில் மூன்று வரி: என்ன நோய், எத்தனை நாள் கழித்துக் குணம் தெரியும், தானாக நிறுத்தினால் என்ன ஆகும். மனநிலை ஏறி இறங்கும் நோய்க்கு லித்தியம் சாப்பிடுகிறவருக்கு இன்னும் ஒரு வரி வேண்டும். அந்த மருந்து ரத்தத்தில் கொஞ்சம் கூடினாலும் ஆபத்து, அதனால்தான் அடிக்கடி ரத்தம் எடுக்கிறோம், வெயிலில் வேலை செய்தாலோ வயிற்றுப்போக்கு வந்தாலோ ஜாக்கிரதை என்று. இதைச் சொல்லாததால், "ரத்தம் எடுத்தே காசு பார்க்கிறாங்க" என்று விட்டுவிட்டுப் போனவரை நான் பார்த்திருக்கிறேன். டாக்டருக்கு நேரம் இல்லையென்றால் நர்ஸ் எழுதட்டும், சீல் செய்து குத்தட்டும்.

என் அளவில் மருந்துக் கவரின் மேல் பேனாவால் எழுதிக் கொடுக்கிறேன்: "இரண்டு வாரம் பொறுங்கள். நிறுத்துவதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள். இரவு நேரத்தில் தாங்க முடியாவிட்டால் 14416." அது அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். போன் பண்ணினால் போலீஸ் வருமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். வராது என்று சொல்லி, ஒருவருக்கு நானே போட்டுக் கொடுத்தேன்.

இந்தக் கடிதத்தை வெளியிட்டால் ஊர்ப் பெயர் மட்டும் போடுங்கள். கடைப் பெயர் வேண்டாம். எங்கிருந்தோ பஸ் ஏறி என் கடைக்கு வருகிறவர்கள் அப்புறம் வர மாட்டார்கள்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.