சந்தா பொம்பளைங்ககிட்ட, கதிரை ஆம்பளைங்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு இதழ்ல இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிற்சங்க வரலாறுன்னு ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க. நல்ல கட்டுரைதான், இல்லன்னு சொல்லல. ஆனா ரெண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பாத்தேன், ஒரு பொம்பளை பேர் கூட இல்ல. படம் மட்டும் பொம்பளை படம், கூடையோட மலையில நிக்கிற ஒரு அக்கா, கீழ "தோட்டத் தொழிலாளி" அப்படின்னு மட்டும். தலைவர்மார் படத்துக்கெல்லாம் பேரு, பதவி, ஆண்டு எல்லாம் இருக்கு.

தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரப் பத்தி அரைப்பக்கம் எழுதியிருக்கிறார் கட்டுரையாளர், 1931ல சங்கம் அமைச்சது, 1936ல அரசாங்க சபைக்கு, அதான் அப்போதைய சட்டசபைக்கு, போனது எல்லாம் சரி. அவரோட மனைவி மீனாட்சியம்மை எங்க? அவங்க வீட்டுக்குள்ள இருந்தவங்க இல்லையே, தானே பாட்டுக் கட்டி தொழிலாளர் கூட்டங்கள்ல மேடையேறிப் பாடினவங்க, அந்தப் பாட்டுங்க சின்னப் புத்தகமா அச்சாகியும் வந்திருக்கு. எழுத்து தெரியாத சனத்துக்கு பிரசங்கத்த விட பாட்டுதான் லய வீடுங்களுக்குள்ள போய்ச் சேரும், கொழுந்து எடுக்கிறப்போ வாய்ல வந்து நிக்கும். அந்த வேலைய செஞ்சவங்களுக்கு ஒரு வரி கூட இல்லன்னா எப்படிங்க.

வாக்குரிமை விசயமும் அப்படித்தான். புது அரசியலமைப்பு பத்தி விசாரிக்க வெள்ளைக்கார அரசாங்கம் அனுப்பின டொனமோர் ஆணைக்குழு வந்தப்போ பெண்கள் வாக்குரிமைச் சங்கத்துக்காரங்க சாட்சி சொல்லப் போனாங்க, தோட்டத்துல வேலை செய்யிற இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேணும்னு கேக்குறீங்களான்னு டொனமோர் பிரபு கேட்டதுக்கு, கண்டிப்பா, அவங்களும் பெண்கள்தானேன்னு பதில் சொன்னது அக்னஸ் டி சில்வா. மேல்தட்டுப் பொம்பளை ஒருத்தங்க நமக்காக அன்னைக்கே வாயைத் திறந்திருக்காங்க. 1931ல வாக்கும் வந்துச்சு, கொஞ்சம் நிபந்தனையோட. பிறகு 1948, 49ல பிரஜாவுரிமைய புடுங்கி வாக்கையும் புடுங்கினாங்க. இந்தக் கதைய நாம எப்பவும் "நம்ம ஏழு எம்பிமார் போச்சு"ன்னு தான் சொல்றோம். 1947ல வாக்குச் சீட்டோட வரிசையில நின்ன பொம்பளைங்களுக்கு என்ன போச்சுன்னு யாரும் எழுதுறதில்ல.

சம சம்பளம் 1984ல தான் வந்துச்சுன்னு இப்ப உள்ள புள்ளைங்களுக்குச் சொன்னா நம்ப மாட்டேங்குதுங்க. அதுவரைக்கும் ஆம்பளை பேருக்கு, அதான் ஒரு நாள் வேலைக்கு, ஒரு விலை, பொம்பளை பேருக்கு அதவிடக் குறைஞ்ச விலை. ஆம்பளைங்க தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்டிட்டு மத்தியானத்தோட வீட்டுக்கு வந்துருவாங்க, பொம்பளைங்க பொழுது சாயிற வரைக்கும் மலையிலதான், அதுக்குப் பிறகு தண்ணி எடுக்கணும், ரொட்டி தட்டணும், புள்ளைங்கள பாத்துக்கிற புள்ளக்காம்பராவுல இருந்து புள்ளைய தூக்கிட்டு வரணும். அந்த 1984 சம்பள ஸ்ட்ரைக்கில வேலைக்குப் போகாம நின்னவங்கள்ல பெரும்பங்கு இவங்கதான், ஆனா பேச்சுவார்த்தை மேசையில உக்காந்திருந்த பேர் மட்டும்தான் உங்க கட்டுரையில வருது.

எங்கம்மா எங்க தோட்டத்து டிவிசனுக்கு சங்கத்து மாதர் தலைவியா இருந்தவங்க. மழைக்காலத்துல ஈரக் கொழுந்துன்னு சொல்லி நிறுக்கிறப்போ தண்ணிக்கு கிலோ கழிப்பாங்க, அது வழமை, யாரும் ஒண்ணும் பேச மாட்டாங்க. ஒருக்கா நல்லா வெயில் காஞ்ச நாள்லயும் மேற்பார்வை பாக்குற கணக்கப்பிள்ளை அதே மாதிரி கழிச்சாரு. அம்மா கூடைய இறக்கி வச்சிட்டாங்க, தராசு கொக்கியில மாட்டவே விடல. பின்னால நின்னவங்க ஒவ்வொருத்தரா இறக்கி வச்சாங்க, இடுப்புல கட்டின படங்குச் சாக்க அவுத்து விரிச்சு அதுலயே உக்காந்துட்டாங்க. லொறி வந்து நிக்குது, டிரைவர் ஹோர்ன் அடிக்கிறான். கொழுந்து கூடையிலயே சூடேறி செவந்து போனா ஃபெக்டரிக்கு ஆகாது, அது கணக்கப்பிள்ளைக்கும் தெரியும் இவங்களுக்கும் நல்லாவே தெரியும், அதனால சத்தமே போடாம உக்காந்திருந்தாங்க. உதவி மனேஜர், அதான் சின்னத்துரை, பைக்க போட்டுட்டு ஓடி வந்து கழிக்காம நிறுக்கச் சொன்ன பிறகுதான் எழும்பினாங்க. அடுத்த கிழமை டவுன்ல இருந்து சங்கத்துப் பெரியவர் ஒருத்தர் வந்து மாலை வாங்கிட்டுப் போனாரு, அவர் பேசித் தீர்த்து வச்சதா. அம்மாவும் அந்த மாலை கட்டப் பூ பறிச்சுக் குடுத்தாங்க, அதச் சொல்லி இன்னைக்கும் சிரிப்பாங்க.

இதே ஆட்கள் சம்பளத்துல இருந்துதான் மாசாமாசம் சங்கச் சந்தா கழியுது. தோட்டத்துல கொழுந்து எடுக்கிறது கிட்டத்தட்ட முழுக்கப் பொம்பளைங்க, அப்போ சந்தாக் காசும் பெரும்பாலும் அவங்க காசுதானே. ஆனா சங்கத்துல மேல போறது ரொம்ப அபூர்வம், செங்கொடிச் சங்கத்துக்குப் பொதுச் செயலாளரா வந்த மேனகா கந்தசாமி மாதிரி விரல் விட்டு எண்ணலாம். மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றத்துக்குத் தெரிவானதே 2024 நவம்பர்ல தான், பதுளையில அம்பிகா சாமுவேல், நுவரெலியாவுல கிருஷ்ணன் கலைச்செல்வி. எந்தக் கட்சின்னு பாக்காம சொல்றேன், நம்ம சனம் இங்க வந்து இருநூறு வருசத்துக்குப் பிறகு.

2015ல கேரளாவுல மூணாறுல தேயிலைத் தோட்டத்துப் பொம்பளைங்க சங்கத் தலைவர்மாரயே கிட்ட வராதேன்னு தள்ளி நிறுத்திட்டு போனசுக்காக ரோட்ட மறிச்சப்போ நம்ம பத்திரிகைங்க எல்லாம் எழுதுச்சு. நல்லது. அந்தத் துணிச்சல் காலையில ஆள் கூட்டி வேலை பிரிக்கிற நம்ம பிரட்டுக்களத்துலயும் இருந்துச்சுன்னு எழுதத்தான் ஆளில்ல.

இத இப்பவே சேர்க்கணும்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நம்ம சனத்த இந்தியாவுக்கு அனுப்பின சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தோட கப்பலேறினவங்கள்ல எத்தனையோ பேர் தமிழ்நாட்டுல கூடலூர், கோத்தகிரி பக்கம் போயிட்டாங்க, அவங்க நினைவும் அங்கயே போயிருச்சு. இங்க மிச்சம் இருக்கிற கிழவிமாரும் வருசத்துக்கு வருசம் குறையிறாங்க. கம்பளை பக்கத்துல பழைய லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமா வச்சிருக்காங்க, அங்க கூடையும் விளக்கும் பாக்கலாம், ஆனா பொருள் இருந்தா மட்டும் போதுமா, அத வச்சிருந்த ஆளோட பேச்சு வேணாமா.

அதனால ஒரு பக்கம் ஒதுக்குங்க ஐயா, மார்ச் 8க்கு மட்டும் இல்ல, மாசம் ஒரு தடவை. ஒவ்வொரு தோட்டத்துலயும் மாதர் தலைவியா இருந்தவங்க, மருத்துவிச்சி, புள்ளக்காம்பரா ஆயா, இவங்ககிட்ட பேசி பேரோட, தோட்டத்தோட போடுங்க, அவங்க சம்மதத்தோட. நானே போன்ல கொஞ்சப் பேரப் பேச வச்சு பதிஞ்சு வச்சிருக்கேன், கேட்டா அனுப்புறேன். ஒண்ணே ஒண்ணு, அவங்க பேசினத திருத்தி செந்தமிழாக்கிப் போட்டுறாதீங்க, அப்பாயிமாருக்கு வாசிச்சுக் காட்டினா இது நான் பேசினதில்லன்னு சண்டைக்கு வருவாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மஸ்கெலியா