உறைநிலம் இளகினால் மனை கிடைத்துவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புவி வெப்பமடைவதால் சைபீரியா, வட கனடா, கிரீன்லாந்து போன்ற குளிர்ப் பகுதிகள் மனிதர் குடியேறத் தக்கவையாக மாறும் என்று தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அதில் உண்மை இல்லாமல் இல்லை. தென் கிரீன்லாந்தில் உருளைக்கிழங்கு விளைகிறது. இமாச்சலப் பிரதேசத்தில் ஆப்பிள் சாகுபடி மலையேறி லாஹௌல்-ஸ்பிதி வரை போய்விட்டது. ஆயினும், கட்டுமானப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், காலடி மண்ணைப் பற்றி அக்கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாததைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

ரஷ்யாவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, கோடையிலும் அடிமண் உருகாத உறைநிலம். உறைந்திருக்கும் வரை அந்த மண் பெரும் பாரத்தையும் தாங்கும். அதனால்தான் சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் கட்டடங்களைத் தரையில் அமர்த்தாமல், ஆழமாக இறக்கிய கான்கிரீட் பைல்களின் (தூண்களின்) மேல் நிறுத்தி, வீட்டின் சூடு மண்ணில் இறங்கி அதை இளக்கிவிடாதபடி அடியில் காற்று புகுந்துபோக இடைவெளி விடுகிறார்கள். வெளிக்காற்றே சூடேறும்போது இந்த ஏற்பாடு எத்தனை காலத்துக்குக் கைகொடுக்கும்? மண்ணுக்குள் இருக்கும் பனிக்கட்டி கரைந்தால் தரை ஒரே சீராக இறங்காது. ஒரு மூலை அதிகமாகவும் மறு மூலை குறைவாகவும் அமிழ, சுவர் விரிசல் விடும், குழாய் உடையும். பள்ளிக்கரணை சதுப்பை ஒட்டி வீடு கட்டிய நம் ஊர்க்காரர்கள் இச்சங்கடத்தைச் சிறிய அளவில் அறிவார்கள். 2020 மே மாதம் சைபீரியாவின் நோரில்ஸ்க் நகர் அருகே ஒரு டீசல் தொட்டி சரிந்து, சுமார் 20,000 டன் எரிபொருள் ஆற்றிலும் மண்ணிலும் கலந்தது. உறைநிலம் இளகியதே காரணம் என்றது தொட்டிக்குச் சொந்தமான நிறுவனம். கட்டுமானக் குறைகளும் இருந்தன என்றது அரசுத் தரப்பு. எங்கள் தொழிலில் இவ்விரண்டும் பெரும்பாலும் சேர்ந்தேதான் வரும்.

போக்குவரத்தையும் பார்க்க வேண்டும். வட கனடாவின் பல ஊர்களுக்கு, குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளின் மேல் அமைக்கப்படும் பனிச்சாலை ஒன்றே லாரி செல்லும் வழி. குளிர் குறையக் குறைய அச்சாலை திறந்திருக்கும் நாட்களும் குறைவதால், ஒதுக்குப்புறமான ஊர் மேலும் ஒதுங்கிப்போகிறது. கோடையோ காட்டுத்தீயைக் கொண்டுவருகிறது: 2023 ஆகஸ்டில் யெல்லோநைஃப் நகரையே காலிசெய்து, ஏறக்குறைய 20,000 பேரை வெளியேற்ற நேர்ந்தது. எவ்வளவு வெப்பம் கூடினாலும் ஆர்க்டிக்கின் நீண்ட குளிர்கால இருட்டு அப்படியேதான் இருக்கும் என்பதையும் கட்டுரையாளர் மறந்துவிட்டார்.

அந்நிலங்கள் ஆளில்லாத வெற்றிடங்களும் அல்ல. அலாஸ்காவின் நியூடோக் கிராமத்து யூபிக் பழங்குடியினர், உறைநிலம் இளகி ஆற்றங்கரை அரித்துக்கொண்டே வந்ததால், மெர்டார்விக் என்னும் புதிய இடத்துக்குப் பெயர நேர்ந்தது. நாம் குடியேறலாம் என்று கணக்குப்போடும் பகுதிகளில், ஏற்கெனவே இருப்பவர்கள் வீட்டை விட்டுக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

சென்னையை ரஷ்யாவின் கிழக்குக் கோடித் துறைமுகமான விளாதிவோஸ்தோக்குடன் இணைக்கும் கடல்வழி பற்றிய பேச்சு எழுந்ததிலிருந்து வடக்கே பெரும் வாய்ப்பு காத்திருப்பதாக இங்கே சிலர் உற்சாகப்படுகிறார்கள். கப்பல் வணிகம் வளர்வது வேறு, ஊர் அமைவது வேறு. கட்டுரையாளர் இப்பொருளைத் தொடர்ந்து எழுதுவதாக இருந்தால், உறைநிலத்தில் ஒரு வீட்டுக்கு அடித்தளம் போடவும் அதை ஆண்டுதோறும் பராமரிக்கவும் ஆகும் செலவையும் சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டுமானப் பொறியாளர்,
அடையாறு, சென்னை.