மேசை உயரத்த அளந்துட்டு கீபோர்டு வாங்குங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் தஞ்சாவூர்ல ஒரு டிடிபி கடைல, அதாவது கம்ப்யூட்டர்ல டைப் பண்ணி பிரிண்ட் எடுத்துக் குடுக்குற கடைல, ஜாப் டைப்பிங் பாக்குறேன், 27 வருஷம் ஆச்சு. டைப்ரைட்டிங் பரீட்சை லோயர், ஹையர் ரெண்டும் பாஸ் பண்ணிட்டு டைப்ரைட்டர் மிஷின்ல ஆரம்பிச்சு அப்புறம் கம்ப்யூட்டருக்கு வந்தவங்கள்ல நானும் ஒருத்தி. இத எழுதக் காரணம் எங்க கடைல புதுசா சேந்த பொண்ணு, 23 வயசுதான் ஆகுது. போன மாசம் டீ கிளாஸ் அவ கைல இருந்து நழுவி விழுந்து உடைஞ்சுது, ஏம்மா என்னாச்சுன்னு கேட்டா, "அக்கா, மூணு மாசமா ராத்திரி கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் எல்லாம் மரத்துப் போகுது, கைய உதறுனாத்தான் சரியாகுது, சொன்னா வேலைய விட்டு நிறுத்திடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு"ன்னு அழுதுட்டா. எனக்கு மனசே ஆறல. ஏன்னா 2016ல எனக்கும் இதேதான், இதே மூணு விரல்தான்.

அப்ப டாக்டர் எனக்கு ஒரு பேப்பர்ல படம் போட்டு சொன்னாங்க. மணிக்கட்டுல எலும்புக்கும் ஒரு தடிச்ச தசைநாருக்கும் நடுவுல குறுகலா ஒரு வழி இருக்கு, விரல மடக்குற நாண் எல்லாமும் ஒரு முக்கியமான நரம்பும் அதுக்குள்ளதான் நெருக்கியடிச்சுட்டுப் போகுது, கைய மேல மடக்கியோ கீழ மடக்கியோ ரொம்ப நேரம் வச்சா உள்ள அழுத்தம் கூடி நரம்பு நசுங்குது. அந்த நரம்பு சுண்டு விரலுக்குப் போகாது, அதனாலதான் சுண்டு விரல் மரத்துப் போகாம இருக்கும். சுகர், தைராய்டு இருக்கவங்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம்னாங்க, எனக்கு தைராய்டு இருக்கு. ராத்திரி மணிக்கட்டு மடங்காம பட்டை போட்டுத் தூங்கச் சொன்னாங்க, நரம்பு டெஸ்ட்டும் எடுத்தாங்க. நான் சொல்ல வர்றது அதுக்கு அப்புறம் நடந்தது.

கீபோர்ட மாத்துனா சரியாயிடும்னு நெனச்சு நான் நேரா கடைக்குப் போனேன். "எர்கோ மாடல் மேடம், கைக்கு சௌகரியமானது, கேமிங் ஆளுங்க எல்லாம் இதுதான் வாங்குறாங்க"ன்னு லைட் எரியிற மெக்கானிக்கல், அதாவது ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்பிரிங் சுவிட்ச் இருக்க கீபோர்டு ஒண்ணு எடுத்துக் குடுத்தாங்க, வாங்கிட்டேன். பத்து நாள்ல வலி கூடிப்போச்சு. அது சாதாரண கீபோர்ட விட உயரம், பின்னாடி கால வேற தூக்கி வச்சிருந்தேன், மணிக்கட்டு முன்ன விட மேல மடங்கி நிக்குது. கீபோர்டுக்கு அடில இருக்க அந்த ரெண்டு குட்டிக் கால் இருக்கு பாருங்க, கீ எழுத்து கண்ணுக்குத் தெரியணும்னா அது உதவும், பாக்காம அடிக்கத் தெரிஞ்சவங்களுக்கு அதனால கெடுதல்தான். இன்னைக்கே மடக்கிடுங்க, காசு ஒண்ணும் செலவில்ல.

அப்புறம்தான் டேப்ப எடுத்து அளந்தேன். நாற்காலில உக்காந்து பாதம் தரைல படிஞ்சிருக்கும்போது தரைல இருந்து என் முழங்கை 25 இஞ்ச். மேசை 30 இஞ்ச். அஞ்சு இஞ்ச் வித்தியாசத்துல தோள தூக்கி வச்சுகிட்டே இத்தனை வருஷம் அடிச்சிருக்கேன். மிஷின் காலத்துல இன்ஸ்டிடியூட் மேசை தாழ்வாத்தான் இருக்கும், மிஷின் உயரம்கறதால அப்படி செஞ்சு வச்சாங்க. அது மட்டுமில்ல, மிஷின்ல ஒரு வரி முடிஞ்சா கேரேஜ தள்ளணும், பக்கம் முடிஞ்சா பேப்பர உருவி கார்பன் வச்சு புதுசு மாட்டணும், கைக்கு அதுவே ஒரு ஓய்வு. கம்ப்யூட்டர்ல அப்படி எதுவும் கிடையாது, மூணு மணி நேரம் கை அசையாம ஒரே இடத்துல நிக்கும், ஆனா கீய குத்துற குத்து மட்டும் மிஷின்ல பழகுன அதே குத்து. நல்ல கீ பாதி தூரம் இறங்கும்போதே எழுத்து விழுந்துடும், மெக்கானிக்கல்ல 4 மில்லிமீட்டர் இறங்குற கீக்கு பெரும்பாலும் 2 மில்லிமீட்டரே போதும், அடி வரைக்கும் இடிக்கிறது எல்லாம் விரல் மூட்டுக்குத்தான் போகுது. இந்தப் பழக்கத்த விட எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

எங்க கடைல மேசைக்கு அடில கீபோர்டு வைக்கிற இழுப்புத் தட்டு இருக்கத்தான் செய்யுது, அதுல பழைய பத்திரக் கட்டும் ஸ்டாப்ளரும் சீலும் கெடந்துச்சு, கீபோர்டு மேசை மேல உக்காந்திருந்துச்சு. நான் பாத்த முக்காவாசி கடைல இதே கதைதான். அத காலி பண்ணி கீபோர்ட கீழ இறக்குனேன், நாற்காலிய கொஞ்சம் ஏத்தி காலுக்கு ஒரு பலகை போட்டேன், பாத்து அடிக்க வேண்டிய மேட்டர் பேப்பர மேசைல படுக்க வச்சு கழுத்த திருப்பிப் பாக்குறத விட்டுட்டு மானிட்டர் பக்கத்துல நிமித்தி கிளிப் மாட்டுனேன். ராத்திரி முழிப்பு இதுலயே பாதி கொறைஞ்சுது. புது கீபோர்டு வாங்குறவங்க முதல்ல இத செஞ்சுட்டு வாங்குங்கன்னு கும்பிட்டுக் கேக்குறேன், 30 இஞ்ச் மேசை மேல எவ்வளவு விலை உள்ள கீபோர்டு வச்சாலும் பணம் வீண்.

அதுக்கப்புறமும் எனக்கு கை வெளிப் பக்கமா, அதாவது சுண்டு விரல் பக்கமா ஒடிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. ஏன்னா நமக்கு தோள் அகலம், கீபோர்டுல எழுத்து இருக்க இடம் ஒரு சாண் சொச்சம், ரெண்டு கையும் நடுவுல வந்து சேரணும்னா மணிக்கட்டு வெளிய வளையத்தான் செய்யும். வரிசை எல்லாம் சாய்ஞ்சு இருக்கே, அது கூட கை சௌகரியத்துக்கு வச்சது இல்ல, 1870கள்ல ரெமிங்டன் விக்க ஆரம்பிச்ச மிஷின்ல ஒவ்வொரு கீக்கு அடிலயும் ஒரு கம்பி போகணும், அதுக்கு எடம் விட்டு வச்சது, கம்பி போயி எத்தனையோ வருஷம் ஆச்சு சாய்வு இன்னும் போகல. இதுக்குத்தான் நடுவுல பிரிஞ்ச கீபோர்டு. மைக்ரோசாஃப்ட் 1994லயே நடு பிரிஞ்சு மேடு வச்ச நேச்சுரல் கீபோர்ட வித்தாங்க. ஒரே கட்டைல நடு மட்டும் பிரிஞ்சு கூரை மாதிரி லேசா சாய்ஞ்சிருக்கது ஒரு வகை, ரெண்டு துண்டா தனித்தனியா இருக்கது இன்னொரு வகை. தோள் அகலமா இருக்கவங்களுக்கு ரெண்டு துண்டுதான் நல்லது, தோளுக்கு நேரா வச்சுக்கலாம். நான் சின்ன உடம்பு, ஒத்தைக் கட்டையே போதும்னு 2018ல 6000 ரூபாய் கிட்ட குடுத்து வாங்குனேன், இன்னும் அதுலதான் அடிக்கிறேன்.

வாங்கும்போது கீபோர்டு வலது ஓரத்துல நம்பர் மட்டும் இருக்க கட்டம், அந்த நம்பர் பேட பாருங்க. அது கூடவே ஒட்டி இருந்தா மவுஸ் அந்தப் பக்கம் தள்ளிப்போகும், வலது தோள் வலிக்கு பல பேருக்கு அதுவே காரணம். ஆனா எங்க வேலைல சர்வே நம்பர், சதுரடி, தொகைன்னு நம்பர் இல்லாம முடியாது, அதனால தனி நம்பர் பேட் ஒண்ணு வாங்கி இடது பக்கம் வச்சிருக்கேன். சாதாரண கீபோர்டே வச்சிருக்கவங்க ஜி, ஹெச் கீக்கு நடு உங்க தொப்புளுக்கு நேரா வர்ற மாதிரி நகர்த்திக்குங்க. முன்னாடி வைக்கிற மெத்தை மேல மணிக்கட்ட அழுத்தி வச்சுகிட்டே டைப் பண்ணாதீங்க, அது அடிக்காத நேரத்துல உள்ளங்கைய சாய்க்கத்தான், மணிக்கட்டுக்கு அடில அழுத்துனா அந்த நரம்பு மேலயேதான் அழுத்துது.

தமிழ் அடிக்கிறவங்களுக்கு இன்னொண்ணு, இத கடைக்காரங்க யாரும் சொல்ல மாட்டாங்க. பிரிஞ்ச கீபோர்டுல ஒய் வலது துண்டுலதான் இருக்கும். தமிழ்99ங்கற தமிழ் கீபோர்டு லேஅவுட்ல ஒய்தான் ள. இத்தனை நாள் இடது கையால எட்டி ள அடிச்சவங்களுக்கு முதல் வாரம் வாள், நாள், அவள் எல்லாம் தடுமாறும், பயந்து கீபோர்ட திருப்பிக் குடுத்துடாதீங்க. 1999ல தமிழ்நாடு அரசு ஏத்துகிட்ட அந்த தமிழ்99 கைக்கும் நல்லது. உயிரெழுத்து இடது கைல, மெய் பெரும்பாலும் வலது கைல, ரெண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும், தமிழ் எழுத்துக்கு ஷிப்ட் தேவையே இல்ல, ஒரே மெய்ய ரெண்டு தரம் தட்டுனா முதல் எழுத்து மேல புள்ளி தானா விழுது. எங்க தொழில்ல ஒரு நாளைக்கு நூறு தரமாவது வர்ற பத்திரம்கற வார்த்தைக்கு தமிழ்99ல 7 தட்டு, இங்கிலீஷ் எழுத்துல பி ஏ டி ஹெச்னு அடிச்சா 10 தட்டு. பழைய டைப்ரைட்டர் லேஅவுட்ல ஷிப்ட பிடிக்கிறது ரொம்ப, பிடிக்கிறது பாவம் அந்தச் சுண்டு விரல். நான் 15 வருஷம் பழைய லேஅவுட்ல அடிச்சவ, மாத்த கஷ்டப்பட்டேன், ஆனா மாத்துனது பத்தி ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல.

புது கீபோர்டுக்கு மாறுனா ரெண்டு மூணு வாரம் ஸ்பீடு விழும். பக்கத்துக்கு இவ்வளவுன்னு கூலி வாங்குற பிள்ளைங்களுக்கு அது வருமானம் போற விஷயம், அதனாலதான் வலிய சொல்லாம அடிச்சுகிட்டே இருக்காங்க. கடை வச்சிருக்கவங்க பிரிண்டருக்கு டோனர் வாங்குற மாதிரி இதையும் கடைச் செலவா எடுத்துக்கணும், அந்த மூணு வாரத்துக்கு கூலிய கொறைக்காம குடுக்கணும். எங்க ஓனர்கிட்ட பேசுனேன், கீபோர்டு வாங்க ஒத்துகிட்டாரு, கூலி விஷயம் இன்னும் பேச்சுலதான் இருக்கு. அந்தப் பொண்ண டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போனேன், ஆரம்பம்தான், பட்டை போட்டுத் தூங்குறா, இழுப்புத் தட்டுல கீபோர்ட இறக்கி குடுத்தாச்சு, இப்ப ராத்திரி முழிக்கிறது கொறைஞ்சிருக்குன்னு சொன்னா.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துறவங்க சேர்ற பிள்ளைங்களுக்கு ஏஎஸ்டிஎஃப் சொல்லித் தர்ற முதல் நாளே முழங்கை உயரத்தையும் அளந்து காட்டுங்க. ஆசிரியருக்கு என் வேண்டுகோள், கை நரம்பு பாக்குற டாக்டர் ஒருத்தர்கிட்ட கேட்டு இத படத்தோட ஒரு பக்கம் போடுங்க, நான் அத வெட்டி எங்க கடைலயும் பக்கத்து கடைங்கள்லயும் ஒட்டி வச்சிடுறேன்.

இப்படிக்கு,
ஒரு ஜாப் டைப்பிஸ்ட்,
தஞ்சாவூர்.