திருவிழா நாளும் பெண்களின் நாளும்: ஆலய மகளிர் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியா, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டத்து மாரியம்மன் ஆலயங்களின் நிர்வாகத்தினருக்கும் மகளிர் பிரிவினருக்கும் வணக்கம்.

பால்குடம் எடுக்கப் பெயர் கொடுக்கும் பெண்களிடம் ‘போன மாசம் எப்போ?’ என்று மாதவிடாய் வந்த தேதியைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வைக்கிறீர்கள். அந்தத் தேதியோடு 28 கூட்டி, தீமிதியோடு இடித்தால், ‘மாத்திரை போட்டுத் தள்ளி வச்சுக்கோம்மா’ என்று சொல்லி அனுப்புகிறீர்கள். தீட்டு பார்ப்பதும் பாராததும் உங்கள் ஆலய வழக்கம். தாதியராகிய நாங்கள் அதில் தலையிட வரவில்லை. உங்கள் கணக்கு தப்பு என்றுதான் சொல்ல வந்தோம்.

உதிரம் பட்ட முதல் நாள்தான் ஒன்றாம் நாள். அதிலிருந்து அடுத்த உதிரத்துக்கு முந்தின நாள் வரை ஒரு சுழற்சி. வளர்ந்த பெண்ணுக்கு அது 21 முதல் 35 நாள் வரை இருக்கலாம். வயதுக்கு வந்து மூன்று ஆண்டு ஆகாத பிள்ளைக்கு 45 நாள்கூட ஆகும். கருமுட்டை வெளிவந்தபின் உதிரம் வர ஏறக்குறைய 12 முதல் 14 நாள். இந்தப் பாதி அதிகம் அசையாது. முட்டை முதிரும் முன்பாதிதான் நீளும், குறுகும்.

ஒருத்திக்குக் கடைசி மூன்று சுழற்சிகள் 26, 33, 29 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 3-இல் குளித்தவள் அல்ல, மார்ச் 3-இல் உதிரம் பட்டவள். (இதிலேயே பாதிப் பேர் பிசகுகிறார்கள்.) அடுத்தது மார்ச் 29-க்கும் ஏப்ரல் 5-க்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். உங்கள் தாளோ மார்ச் 31 என்று காட்டும். தள்ளிப்போடும் மாத்திரையை உதிரத்துக்கு மூன்று நாள் முன்னதாகத் தொடங்கவேண்டும்; தாளை நம்பி 28-ஆம் தேதி மாத்திரை தொடங்குவாள், மறுநாளே பட்டுவிடலாம்.

இன்னொன்று, விரதமே தேதியை நகர்த்தும். ஒருவேளைச் சாப்பாடு, தூக்கம் கெட்ட இரவுகள், பகலில் செம்பனைக் காட்டு வேலை. உடம்பில் சத்து போதாதபோது மூளை கருப்பைக்கு அருகிலுள்ள சூலகத்துக்கு அனுப்பும் சமிக்ஞையைக் குறைக்கும்; முட்டை தாமதிக்கும்; உதிரமும் தள்ளும். எல்லாருக்கும் இப்படி ஆகாது. ஏற்கெனவே மெலிந்த பிள்ளைகளிடம்தான் இதை அதிகம் எதிர்பார்க்கலாம்.

அந்த மாத்திரை பெரும்பாலும் நோரெத்திஸ்டெரோன், 5 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் உதிரம் வரும். வேளை தவறினால் நடுவிலேயே கசியும். கருவையும் தடுக்காது. காலிலோ நுரையீரலிலோ முன்பு இரத்தம் உறைந்தவர்கள், ஈரல் நோய், மார்பகப் புற்று உள்ளவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்கள், கர்ப்பமாக இருக்கலாம் என்ற ஐயம் உள்ளவர்கள் இதைத் தொடக்கூடாது. ஒருத்தியின் பட்டையில் மிஞ்சியதைத் தோழிக்குக் கொடுப்பது வேண்டவே வேண்டாம். டாக்டர் பார்த்துத் தரட்டும். கெண்டைக்கால் ஒரு பக்கம் வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

தேதி தப்பினால் ‘சூடு’ என்று முடிவுகட்டுகிறோம். முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்யட்டும். தாய்ப்பால், மூன்று மாதக் கருத்தடை ஊசி, தைராய்டு, எடை திடீரென ஏறியது இறங்கியது, நாற்பதைத் தாண்டிய வயது எல்லாம் காரணமாகலாம். தாடையில் முடி, தீராத பரு, நாள் தள்ளுதல் சேர்ந்து வந்தால் பிசிஓஎஸ் என்னும் சூலகச் சுரப்புக் கோளாறு என்று சந்தேகிக்க வேண்டும். அவர்களுக்கு இனிப்புநீர் வரும் வாய்ப்பும் கூடுதல் என்பதால் சர்க்கரையையும் பார்க்கவேண்டும்.

மூன்று மாதம் வராவிட்டாலும், 21 நாளுக்குள் திரும்பத் திரும்ப வந்தாலும், 50 காசு நாணயத்தைவிடப் பெரிய இரத்தக் கட்டி விழுந்தாலும், ஒரு மணி நேரத்துக்கொரு பேட் நனைந்தாலும் கிளினிக்குக்கு அனுப்புங்கள். 15 வயதாகியும் பூப்படையாத பிள்ளையையும் அனுப்புங்கள்.

உங்களிடம் கேட்பது இவ்வளவே: தேதித் தாளைக் கிழித்துவிடுங்கள். கடைசி நேரத்தில் ஒருத்தி பின்வாங்கினால் காரணம் கேளாமல் குடத்தை அடுத்தவள் தலைக்கு மாற்றுங்கள். மண்டபத்துப் பின்புறக் கழிப்பறையில் தாழ்ப்பாள், தண்ணீர், மூடியுள்ள குப்பைத்தொட்டி மூன்றும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
இவ்வட்டாரத் தாதியர் சிலர்