பூங்கா வரைபடத்தை முதலில் மக்களிடம் காட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் பகுதிப் பூங்காவைச் சீரமைக்கப் போவதாகச் சொல்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் வரைபடம் இதுவரை யார் கண்ணிலும் படவில்லை. இப்போதுள்ள தகரச் சறுக்குமரம் வெட்டவெளியில் மேற்கு பார்த்து நிற்கிறது; சாயங்காலம் நான்கு மணிக்கு உட்கார்ந்தாலும் தொடை சுட்டுவிடும். பக்கத்திலேயே புங்கை மர நிழல் இருக்கிறது. அங்கே வைத்தால் என்ன என்று விளையாட வரும் எந்தப் பிள்ளையும் சொல்லியிருக்கும். யாரும் கேட்கவில்லை. அந்தப் புங்கையையும் விடவில்லை, தண்ணீர் இறங்க இடமில்லாமல் அடிமரம் வரை சிமெண்ட் கல் பதித்துவிட்டார்கள்.

2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளன்று தமிழக நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. கிராம சபை போல மக்கள் நேரில் பேசுவதற்கான இடம் அது. டெண்டர் விடுவதற்கு முன்பே வரைபடத்தை அங்கே வைக்க வேண்டும். அப்புறம், பூங்கா வாசலிலும் ஒரு வாரம் ஒட்டி வையுங்கள். வேலைக்குப் போகும் பெண்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள், பிள்ளைகள் எனக் கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் பார்க்கட்டும். சாய்தளம் உண்டா, கழிப்பறை திறந்திருக்குமா, கோடை விடுமுறையில் மதியம் கேட்டைப் பூட்டுவார்களா என்றெல்லாம் அவர்கள்தான் கேட்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை