பையன் வீடு திரும்பும் நாள்தான் ஆபத்தான நாள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காட்பாடியில் முப்பது வருடம் மருந்துக்கடை நடத்தியவள் நான். வலி மாத்திரைகளோடு இளைஞர்கள் பிடிபட்ட செய்தி உங்கள் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி வருகிறது. எத்தனை மாத்திரை, எத்தனை பேர் கைது என்பதோடு அது முடிந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவனுக்கு என்ன ஆகிறது என்று யாரும் எழுதுவதில்லை. என் அக்கா மகனுக்கு நடந்ததை எழுதுகிறேன்.

குடியாத்தத்துப் பையன். 22 வயதில் கூட்டாளிகள் மூலம் டேபென்டடால் என்ற அபின் வகை வலி மாத்திரை பழகிவிட்டது. விஷயம் தெரிந்ததும் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தோம். மூன்று மாதம் கழித்து, "சுத்தமாயிட்டான், இனிமே மன உறுதிதான் மருந்து" என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த நான்காம் நாள் மாலை மொட்டைமாடியில் உதடு நீலமாகிக் கிடந்தான். நிமிடத்துக்கு நாலைந்து மூச்சுதான் வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில், அந்த மாத்திரையின் வேலையை முறிக்கும் நாலாக்சோன் ஊசி போட்டார்கள். சில நிமிடத்தில் கண்ணைத் திறந்தான். ஊசியின் வேகம் தீர்ந்தபிறகும் மாத்திரை உடம்பில் மிச்சம் இருக்கலாம் என்பதால் இரவு முழுக்கப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தார்கள்.

"எங்களைச் சாகடிக்கவே வந்தியாடா?" என்று அக்கா கதறினாள். எனக்கும் அதே கோபம்தான். "வேணும்னு பண்ணல சித்தி" என்று அவன் சொன்னதை அன்றைக்கு நான் நம்பவில்லை. அப்புறம் உட்கார்ந்து படித்தேன், மனநல மருத்துவரிடமும் கேட்டேன். அவன் சொன்னது உண்மை என்று புரிந்தது.

வலியைத் தணிக்க நம் மூளையே அபினைப் போன்ற பொருள்களைச் சுரக்கிறது. அபின் வகை மருந்துகள் போய் ஒட்டும் ஏற்பிகள் மூளையில் இருப்பதை 1973-ல் அமெரிக்காவில் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் இருவரும் காட்டினார்கள். அந்த ஏற்பிகளுக்காக மூளையே தயாரிக்கும் என்கெஃபலினை 1975-ல் ஸ்காட்லாந்தில் ஹியூஸும் காஸ்டர்லிட்சும் கண்டுபிடித்தார்கள். மாத்திரை போய் உட்காருவதும் அதே இடத்தில்தான்.

நடுமூளையில் டோபமைன் செல்கள் இருக்கின்றன. ஏரிக்கு மதகு மாதிரி அவற்றை அடக்கி வைப்பவை காபா செல்கள். ஓபியாய்டு, அதாவது அபின் வகை மருந்து அந்த மதகைத் திறந்துவிடுகிறது. டோபமைன் என்றால் சந்தோஷம் என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அதன் பெரிய வேலை, "இது முக்கியம், மறக்காதே" என்று மூளைக்குப் பாடம் நடத்துவது. மாத்திரை அட்டையின் பளபளப்பு, கூட்டாளியின் வண்டிச் சத்தம், அந்தத் தெருமுனை எல்லாமே அந்தப் பாடத்தில் சேர்ந்துவிடுகின்றன.

இன்னொரு பக்கம், மூளைத்தண்டில் லோக்கஸ் செருலியஸ் என்று ஒரு சின்ன இடம். நம்மை விழிப்பாக வைப்பது அது. மருந்து அதை அமுக்க அமுக்க, மேட்டில் பாரவண்டி இழுக்கும் மாடு போல அது இன்னும் முக்கி இழுக்கப் பழகுகிறது. மருந்தை நிறுத்தினால் கயிறு அறுந்த மாடுதான். வியர்வை, வயிற்றுப்போக்கு, மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, உறக்கமில்லாத ராத்திரிகள். இவற்றில் பெரும்பகுதி சில வாரங்களில் அடங்கிவிடும். அதைத்தான் "சுத்தமாயிட்டான்" என்கிறார்கள்.

ஆனால் கற்ற பாடம் அழியவில்லை. அதே மூன்று மாதத்தில், மருந்தைத் தாங்கும் சக்தியை உடம்பு இழந்திருந்தது. மூச்சை நடத்தும் மூளைத்தண்டும் அப்படித்தான். உடம்பு புதுசாகிவிட்டது, நினைவு பழசாகவே இருந்தது. பழைய கூட்டாளியைப் பார்த்தான், பழைய அளவையே எடுத்தான், புது உடம்பு அதைத் தாங்கவில்லை. இந்த ஒரு விஷயத்தை மட்டும் அந்த இல்லத்தில் எங்களிடம் சொல்லியிருந்தால் அவனை அந்த வாரம் தனியே விட்டிருக்க மாட்டோம். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்க வீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் ஊர் திரும்பியபின் தொடர்ந்து கவனித்தார். பெரும்பாலானோர் மறுபடி அடிமையாகவில்லை. அதற்குப் பல காரணங்கள் சொல்கிறார்கள். பழகிய இடத்தை விட்டு அவர்கள் வெகுதூரம் வந்துவிட்டது ஒன்று. நம் பிள்ளைகளோ பழகிய அதே தெருவுக்குத்தான் திரும்பி வருகிறார்கள்.

இப்போது அவன் நாக்குக்கு அடியில் பியூப்ரினார்ஃபின் மாத்திரை வைத்துக்கொள்கிறான். அதே ஏற்பியில் இறுகப் பிடித்துக்கொண்டு அரைகுறையாகத்தான் வேலை செய்யும் மருந்து அது. ஏக்கத்தை அடக்கும், மூச்சை அடக்குவதோ ஓர் எல்லைக்கு மேல் போகாது. ஆனால் மது, தூக்க மாத்திரை கூடச் சேர்ந்தால் ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் 2005-லேயே இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. சொந்தக்காரர்கள் சும்மா இருப்பதில்லை. "ஒரு போதைக்குப் பதிலா இன்னொரு போதையா?" என்கிறார்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடும் என் மாமாவே அப்படிக் கேட்டார். போதை தேடி அலைந்த பையன் இன்றைக்குக் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறான். மருத்துவர் சொல்லாமல் அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லி யாரும் அவனைத் தூண்ட வேண்டாம்.

போலீசுக்குப் பயந்தே பல பெற்றோர் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதில்லை. தானாக முன்வந்து சிகிச்சை எடுக்கும் அடிமைப்பட்டவருக்குச் சில வழக்குகளிலிருந்து விலக்குத் தரும் 64ஏ பிரிவு 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திலேயே இருக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மாத்திரை பிடிபட்ட செய்தி வரும்போதெல்லாம் அதன் கீழே மூன்று வரி போடுங்கள்: அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு, பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையம், கட்டணமில்லா உதவி எண் 14446. நாலு மாதத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்த பேப்பரில் அந்த மூன்று வரி இருந்திருந்தால், அக்கா கத்தரித்துப் பீரோவில் ஒட்டியிருப்பாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருந்துக்கடைக்காரி,
காட்பாடி